கல்லூரியிலிருந்து பள்ளிக்குப் போன ஓராண்டு

ஒரு பட்டம் பெற எத்தனை ஆண்டு படிக்க வேண்டும் என்ற கணக்கு காவிரிப் படுகையில் முக்கால் நூற்றாண்டாக மாறவில்லை. 1950-களின் தொடக்கத்தில் பள்ளியில் 11 ஆண்டு, இன்டர்மீடியட் 2, பி.ஏ. 2. அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் பள்ளி 11, புகுமுக வகுப்பு 1, பட்டப் படிப்பு 3 என்றானது. 1980-இல் தேர்வெழுதிய முதல் பிளஸ் டூ அணியிலிருந்து பள்ளி 12, பட்டம் 3. எப்படிக் கூட்டினாலும் விடை 15தான். இடம் பெயர்ந்தது பள்ளிக்கும் கல்லூரிக்கும் நடுவே இருந்த எல்லை மட்டும். பட்டப் படிப்புக்கு முன்பாகக் கல்லூரிக்குள் கழிந்த இரண்டு ஆண்டுகள் ஓர் ஆண்டாகின. பிறகு அந்த ஓர் ஆண்டும் பள்ளிக்குள் போய்விட்டது.

பார்ப்பதற்கு இது வெறும் நிர்வாகக் கணக்கு. ஆனால் முதலாண்டு மாணவர் எப்படி ஆயத்தமாகி வருகிறார், அவரை யார் ஆயத்தப்படுத்துகிறார்கள், அதற்கு எவ்வளவு காலம் கிடைக்கிறது என்ற மூன்றும் இந்த எல்லையைப் பொறுத்தே அமைந்திருக்கின்றன. தஞ்சாவூரிலும் கும்பகோணத்திலும் மன்னார்குடியிலும் கல்லூரி வாசலை மிதித்த மூன்று தலைமுறைகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் இது தெரியும்.

இந்த வட்டாரத்தில் கல்லூரி என்றால் நெடுங்காலம் கும்பகோணம்தான். 1854-இல் பள்ளியாகத் தொடங்கி 1867-இல் கல்லூரியான அரசுக் கல்லூரி, காவிரிக் கரையில் இருந்துகொண்டு தென்னிந்தியாவின் கேம்பிரிட்ஜ் என்று பெயர் வாங்கியது. 1880 முதல் 1903 வரை அங்கே தமிழ் கற்பித்த உ.வே. சாமிநாதையர் எந்தக் கல்லூரியிலும் படித்தவர் அல்லர். மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம், அவர் 1876-இல் மறையும்வரை, உடனிருந்து பாடம் கேட்டவர். அந்தப் படிப்புக்கு நுழைவுத் தேர்வு இல்லை. முதலாண்டு, இரண்டாமாண்டு என்ற பிரிவும் இல்லை. ஒரு நூல் முடிந்தால் அடுத்த நூல். மாணவரின் வேகத்தை ஆசிரியர் நேரில் பார்த்துத் தீர்மானித்தார். அப்படிப் படித்து வந்தவரின் எதிரே உட்கார்ந்திருந்த மாணவர்களோ, சென்னைப் பல்கலைக்கழகத்தின் மெட்ரிகுலேஷன் தேறி, பட்டப் படிப்புக்கு முந்தைய எஃப்.ஏ. தேர்வுக்கு நாள் எண்ணியவர்கள். இரண்டு விதமான கல்வி ஒரே வகுப்பறையில் எதிரெதிரே இருந்தது.

சாமிநாதையர் சென்னை மாநிலக் கல்லூரிக்குப் போன மறு ஆண்டு, 1904-இல், கும்பகோணம் கல்லூரியில் சேர்ந்தவர் சீனிவாச ராமானுஜன். கணிதத்தில் அவருக்கு இருந்த ஆயத்தம் முழுக்கவும் இரவல் புத்தகங்களால் வந்தது. வீட்டில் தங்கியிருந்த கல்லூரி மாணவர்கள் வழியாக லோனியின் திரிகோணமிதி நூல் பள்ளி வயதிலேயே கைக்குக் கிடைத்தது. 1903-இல் கல்லூரி நூலகத்திலிருந்து இரவலாக வந்தது கார் என்பவர் தொகுத்த நூல். அதில் சுமார் 5,000 தேற்றங்கள், பெரும்பாலும் விளக்கமான நிரூபணம் இல்லாமல். அவற்றை ஒவ்வொன்றாகத் தாமே போட்டுப் பார்த்தார். உதவித்தொகையுடன் கல்லூரியில் சேர்ந்தார்.

ஆனால் எஃப்.ஏ. பாடத்திட்டம் கணிதத்தோடு ஆங்கிலக் கட்டுரையையும் ரோமானிய, கிரேக்க வரலாற்றையும் உடலியலையும் கேட்டது. ஆங்கிலத்தில் தவறினார், உதவித்தொகை நின்றது. ஒரு பருவத்துக் கட்டணம் 32 ரூபாய். புடவைக் கடையில் கணக்கெழுதிய தந்தையின் மாதச் சம்பளம் சுமார் 20 ரூபாய். 1905-இல் அவர் வீட்டைவிட்டு வெளியேறினார். பிறகு சென்னை பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்து எழுதியும் எஃப்.ஏ. தேறவில்லை. ஒரு பாடத்தில் ஆயத்தம் மிகுதியாகவும் மற்றொன்றில் குறைவாகவும் வந்த மாணவரைத் தாங்கிப் பிடிக்க அன்றைய ஏற்பாட்டில் எதுவும் இல்லை. இன்று அதே கல்லூரியில் ஆங்கிலத்தில் தவறியவர் அதை அரியராக வைத்துக்கொண்டு அடுத்த செமஸ்டருக்குப் போகலாம். அரசுக் கலைக் கல்லூரிகளில் இளநிலைப் படிப்புக்குக் கல்விக் கட்டணம் நீக்கப்பட்டும் பல ஆண்டுகள் ஆகிவிட்டன. பழைய காலத்தை வாயாரப் புகழத் தொடங்கும் முன் இந்த இரண்டையும் எழுதி வைத்துக்கொள்வது நல்லது.

சுதந்திரத்துக்குப் பின் கல்லூரிகள் ஊர்களுக்கு அருகில் வந்தன. 1955-இல் தஞ்சாவூரில் மன்னர் சரபோஜி கல்லூரியும் மாயவரத்தை அடுத்த மன்னம்பந்தலில் ஏ.வி.சி. கல்லூரியும், 1956-இல் பூண்டியில் புஷ்பம் கல்லூரியும் தொடங்கின. பெண்களுக்கென்று 1963-இல் கும்பகோணத்திலும் 1966-இல் தஞ்சாவூரிலும் அரசுக் கல்லூரிகள் வந்தன. 1970-இல் திருவாரூர், 1971-இல் மன்னார்குடி. இந்தக் கல்லூரிகளில் பெரும்பாலானவை தம் தொடக்க ஆண்டுகளில் வரவேற்ற கூட்டம் புகுமுக வகுப்பு மாணவர்கள். பேச்சு வழக்கில் பி.யு.சி.

எஸ்.எஸ்.எல்.சி. தேறிய பையனுக்கு அப்போது வயது 16 இருக்கும். நாளிதழில் பொடி எழுத்தில் வந்த எண்களுக்குள் தன் எண்ணைத் தேடிக் கண்டுபிடித்தவன். வலங்கைமானிலோ நீடாமங்கலத்திலோ தமிழில் படித்தவன். கல்லூரி திறக்கும்வரை அவன் செய்துகொண்ட ஆயத்தம் எளியது. தெருவில் முந்தின ஆண்டு பி.யு.சி. முடித்த அண்ணனிடம் பாதி விலைக்குப் புத்தகம் வாங்குவது. லிஃப்கோ அகராதியும் ரென் அண்ட் மார்ட்டின் இலக்கணமும் எங்கேனும் கிடைக்குமா என்று விசாரிப்பது. ஆங்கில நாளிதழின் தலையங்கத்தை உரக்கப் படி என்று பெரியவர்கள் சொன்ன யோசனையை நான்கு நாள் கடைப்பிடித்து ஐந்தாம் நாள் விட்டுவிடுவது. அறிவியல் பிரிவு என்றால் கிளார்க்ஸ் டேபிள் என்ற மடக்கை அட்டவணையும் வேண்டும். அதற்கு மேல் யாரும் எதிர்பார்க்கவில்லை, ஏனெனில் ஆயத்தம் செய்விப்பது கல்லூரியின் வேலை என்றே கருதப்பட்டது. புகுமுகம் என்ற வகுப்பு அதற்காகத்தான் இருந்தது.

அந்த ஓராண்டின் பெரும்பகுதி மொழியோடு மல்லுக்கட்டுவதில் போனது. பேராசிரியர் வருகைப் பதிவு எடுத்ததிலிருந்து மணி அடிக்கும்வரை ஆங்கிலத்தில் பேசினார். தமிழில் வேதியியல் படித்தவனுக்கு அமிலமும் காரமும் தெரியும். ஆசிட் என்றால் இதுதான், பேஸ் என்றால் இதுதான் என்று பொருத்திக்கொள்ள வாரங்கள் ஆயின. 1960-களின் பிற்பகுதியில் தமிழ் வழியும் மெல்ல நுழைந்தது. ஆனாலும் அறிவியல் மாணவர்கள் பலர் ஆங்கில வழியிலேயே உழன்றார்கள். கரும்பலகையில் எழுதுவதை மட்டும் எழுதிக்கொள்பவன், பிறகு சொல்வதில் பாதியைப் பிடித்தான். தீபாவளி விடுமுறை முடிந்து வரும்போது முக்கால் பங்கு புரிந்தது. பொங்கலுக்குப் பிறகு ஒரு சந்தேகம் கேட்கும் துணிவு வந்தது. ஆய்வகத்தில் பியூரெட்டும் பிப்பெட்டும் கையில் பழகின. ஆங்கிலக் கட்டுரை நோட்டைச் சிவப்பு மையில் திருத்தித் தந்தார்கள். ஆண்டுத் தேர்வு மார்ச்சுக்குப் பிறகு. ஜூனில் சேர்ந்தவனுக்குக் கல்லூரி தன் முதல் தீர்ப்பைச் சொல்ல ஏறக்குறைய ஒன்பது மாதம் காத்திருந்தது.

பயிரோடு பழகியவர்களுக்கு இதைச் சொல்லி விளக்க வேண்டியதில்லை. நாற்றங்காலில் செழித்து நின்ற நாற்று, பறித்து நட்ட வயலில் சில நாள் மஞ்சளித்து வாடி, பிறகுதான் பச்சை பிடிக்கும். அந்தச் சில நாளில் பயிரைப் பார்த்து விளைச்சலை மதிப்பிட மாட்டார்கள். புகுமுக ஆண்டு பச்சை பிடிக்க விட்ட காலம்.

எல்லாப் பயிரும் பிடிக்கவில்லை என்பதும் உண்மை. அந்த வகுப்பு வடிகட்டியாகவும் இருந்தது. ஆங்கிலத்தில் தவறி ஊருக்குத் திரும்பியவர்கள் ஒவ்வொரு கிராமத்திலும் இருந்தார்கள். பி.யு.சி. பெயில் என்பதையே ஒரு படிப்பு போலச் சொல்லிக்கொண்ட காலம் அது. அவர்களில் நிலம் இருந்தவர்கள் வரப்பில் நின்றார்கள்; இல்லாதவர்கள் கடைக் கணக்கு எழுதப் போனார்கள். அதற்கும் முன்னால், வாசல்வரை வரவே முடியாதவர்களின் கூட்டம் பெரிது. மேட்டூர் அணை 1934-இல் கட்டி முடிக்கப்பட்டதிலிருந்து டெல்டாவின் நாள்காட்டியில் ஜூன் 12 தண்ணீர் திறக்கும் நாள். கல்லூரி திறந்ததும் ஏறத்தாழ அதே நாட்களில். குறுவைக்கு உழவும் நாற்றும் பணம் கேட்கும்போதே கல்லூரிக் கட்டணமும் கேட்டது. தை, மாசியில் அறுத்த சம்பா நெல்லில் சாப்பாட்டுக்கும் விதைக்கும் போகப் பத்தாயத்தில் மிச்சம் இருந்த வீட்டுப் பிள்ளை அதை விற்றுக் கல்லூரிக்குப் போனான். கூலியை நெல்லாக வாங்கி அன்றன்றைக்கு உலையில் போட்ட வீட்டில் விற்பதற்கு ஏது மிச்சம்? அந்த வீட்டுப் பிள்ளைக்குக் கல்லூரி ஆயத்தம் என்ற பேச்சே எழவில்லை. பெண் பிள்ளைகளோ பதினோராம் வகுப்போடு வீட்டுக்குள் வந்தார்கள். அதற்கு முன்பே வந்துவிட்டவர்கள் அதிகம்.

1978-இல் மேல்நிலை வகுப்புகள் பள்ளிகளில் தொடங்கின. புகுமுக வகுப்பு அதோடு முடிவுக்கு வந்தது. இந்த மாற்றத்தில் கிடைத்த ஆதாயத்தை டெல்டா கிராமங்கள் உடனே உணர்ந்தன. முன்பு 16 வயதில் கும்பகோணத்துக்கோ தஞ்சாவூருக்கோ போய் அறை எடுத்துத் தங்க வேண்டியிருந்த படிப்பு, சைக்கிள் தூரத்தில் உள்ள பள்ளிக்கே வந்தது. விடுதிச் செலவு இல்லை. ஆங்கிலப் பேராசிரியரின் முன் திகைத்து நிற்க வேண்டியதும் இல்லை. தமிழிலேயே பன்னிரண்டாம் வகுப்புவரை படிக்கலாம். பெண்ணைப் பன்னிரண்டாம் வகுப்புவரை படிக்கவைக்க வீடுகள் இசைந்ததற்கு, பள்ளி ஊருக்குள் இருந்தது ஒரு பெரிய காரணம்.

இழந்தது என்ன என்பது தெரியச் சில காலம் ஆயிற்று. பாடம் இடம் மாறியது. பாடத்தின் அளவு குறையவில்லை, கூடவே செய்தது. ஆனால் அதைக் கற்பித்த விதம் பள்ளியின் விதமாக இருந்தது. அரசுத் தேர்வு என்ற ஒன்றை நோக்கியே இரண்டு ஆண்டும் ஓடின. எந்தப் பாடத்திலிருந்து எத்தனை மதிப்பெண் என்ற புளூபிரிண்ட், பாட இறுதியில் உள்ள புக் பேக் வினாக்கள், ஒரு மதிப்பெண் வினாக்களின் தனித் தொகுப்பு, வாராந்தரத் தேர்வு. கேள்விக்கு விடை எழுத மாணவர் நன்றாகப் பழகினார். ஒரு மணி நேரம் பேசுவதைக் கேட்டுத் தாமே குறிப்பெடுக்கவும், ஒரே பொருளை இரண்டு நூல்களில் படித்து ஒப்பிடவும் பள்ளியில் வாய்ப்பு இல்லை. அந்தப் பழக்கங்களுக்கென்று இருந்த ஆண்டு கல்லூரியிலும் இல்லை. பட்டப் படிப்பின் முதல் நாளே மேஜர் பாடம் தொடங்கியது.

மறு பக்கத்தில், வாசலில் நுழைவதற்கான ஆயத்தம் ஒரு தனித் தொழிலாக வளர்ந்தது. 1980-களின் நடுவில் மருத்துவம், பொறியியல் படிப்புகளுக்குத் தமிழ்நாட்டில் நுழைவுத் தேர்வு வந்தது. 2007 சேர்க்கையிலிருந்து அது நீக்கப்பட்டது. பத்து ஆண்டு இடைவெளிக்குப் பின் 2017-இல் நீட் வந்தது. 2009-இல் திருவாரூரில் தொடங்கிய மத்தியப் பல்கலைக்கழகத்தில் சேர 2022 முதல் க்யூட் தேர்வு. இப்போது தஞ்சாவூரில் பயிற்சி நிலையங்களின் விளம்பரப் பலகையைப் பார்க்காமல் ஊருக்குள் போக முடியாது. மருத்துவ இடம் தவறியவர் ஓராண்டு வீட்டிலிருந்தோ நிலையத்தில் தங்கியோ மறுபடி எழுதுகிறார்; ரிப்பீட்டர் என்கிறார்கள்.

இங்கே ஒரு விசித்திரம் இருக்கிறது. பள்ளிக்கும் கல்லூரிக்கும் இடையிலிருந்த ஓராண்டு ஒழிந்துவிட்டதாக நினைத்தோம். அது வேறு பெயரில் திரும்பியிருக்கிறது. அன்றைய ஓராண்டு கல்லூரிக்குள் இருந்தது, பட்டப் படிப்புக்குப் போகும் எல்லோருக்கும் பொதுவாக இருந்தது, பட்டக் கணக்கின் 15 ஆண்டுக்குள் அடங்கியது. இன்றைய ஓராண்டு கல்லூரிக்கு வெளியே இருக்கிறது, செலவு செய்யக்கூடிய வீடுகளுக்கு வாய்க்கிறது, கணக்கின் மேல் கூடுதலாக ஏறுகிறது. முன்னது உள்ளே வந்தபின் எப்படிப் படிப்பது என்று பழக்கியது. பின்னது எப்படி உள்ளே வருவது என்று மட்டும் பழக்குகிறது.

கலை, அறிவியல் கல்லூரிக்குப் போகும் பெருங்கூட்டத்தின் கதை வேறு. அவர்களுக்கு வாசல் இப்போது அகலம். அரசுக் கலைக் கல்லூரிக்கு விண்ணப்பிக்க ஊர் ஊராகப் பேருந்தேறி விண்ணப்பத் தாள் வாங்க வேண்டியதில்லை. இணையத்தில் ஒரே விண்ணப்பம். கட்டணம் 48 ரூபாய், பதிவுக்கு 2 ரூபாய், ஆக 50. பட்டியல் சாதி, பழங்குடி மாணவர்களுக்கு அந்த 2 ரூபாய் மட்டும். 2022-இல் தொடங்கிய நான் முதல்வன் திட்டத்தில், எந்தப் படிப்பு எங்கே இருக்கிறது என்று பன்னிரண்டாம் வகுப்பிலேயே சொல்கிறார்கள். அதே ஆண்டு செப்டம்பரில் வந்த புதுமைப் பெண் திட்டம், ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரிக்குப் போகும் பெண்ணின் வங்கிக் கணக்கில் மாதம் 1,000 ரூபாய் செலுத்துகிறது. 2024 ஆகஸ்டில் தமிழ்ப் புதல்வன் திட்டம் அதையே ஆண்களுக்கும் தந்தது. அகில இந்திய உயர்கல்விக் கணக்கெடுப்பின்படி 2021-22-இல் தமிழ்நாட்டில் கல்லூரி வயதினரில் உயர்கல்விச் சேர்க்கை விகிதம் 47. நாட்டின் சராசரி 28.4. நடவு வேலைக்குப் போகும் தாயின் மகள் இயற்பியல் மேஜர் எடுப்பது இன்று டெல்டாவில் செய்தி அல்ல. ராமானுஜன் வீட்டில் ஒரு பருவக் கட்டணம் தந்தையின் ஒன்றரை மாதச் சம்பளமாக இருந்ததை நினைத்துப் பார்த்தால், இந்த மாற்றத்தின் அளவு விளங்கும்.

புத்தகமும் இப்போது கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. கார் தொகுத்த நூலுக்காக யாரோ ஒருவர் கல்லூரி நூலகம் போய் இரவல் வாங்கிவர வேண்டியிருந்தது. புகுமுக மாணவன் அண்ணன்மாரின் பழைய புத்தகத்தை நம்பினான். அதில் அடிக்கோடிட்ட வரிகளே அவனுக்கு வழிகாட்டி. இன்று பல்கலைக்கழகத் தளத்தில் பாடத்திட்டம் கிடைக்கிறது. சென்னை ஐ.ஐ.டி. முதலிய நிறுவனங்கள் சேர்ந்து 2003-இல் தொடங்கிய என்.பி.டி.இ.எல். வகுப்புகளை வேதாரணியத்தில் இருக்கும் மாணவி இலவசமாகப் பார்க்கலாம். சீனியர்களின் குறிப்புகள் வாட்ஸ்அப் குழுவில் முதல் வாரமே வந்து விழுகின்றன. கேட்ட கேள்விக்குக் கைபேசியிலேயே விடை எழுதித் தரும் செயலிகளும் வந்துவிட்டன.

வசதி பெருகிய அளவுக்குப் பழக்கம் பெருகவில்லை என்பதை முதலாண்டு வகுப்பெடுக்கும் எந்த ஆசிரியரும் சொல்வார். ஒரே ஒரு புத்தகம் இருந்தவன் அதை முதலிலிருந்து கடைசிவரை படித்தான், வேறு வழியில்லாமல். நூறு கோப்புகள் வைத்திருப்பவர் ஒவ்வொன்றிலும் தேர்வுக்கு வேண்டிய இரண்டு பக்கத்தைத் தேடுகிறார். அவன் கையால் நகலெடுத்த குறிப்பு, எழுதும்போதே பாதி மனத்தில் தங்கியது. இவர் படம் எடுத்து வைத்துக்கொள்கிறார். குற்றம் மாணவருடையது அன்று. இரண்டு ஆண்டு விடைத்தாளுக்காகவே பழக்கப்பட்டவரிடம், அதிலிருந்து மீளக் காலம் தராமல், வேறு விதமான படிப்பை எதிர்பார்க்கிறோம்.

காலம் என்பதுதான் இங்கே முக்கியமான சொல். பல்கலைக்கழக மானியக் குழுவின் கணக்கில் ஒரு செமஸ்டருக்குக் குறைந்தது 90 வேலை நாட்கள். ஜூன் கடைசியிலோ ஜூலையிலோ சேரும் மாணவர் முதல் செமஸ்டர் தேர்வை நவம்பர் வாக்கில் எழுதுகிறார். அதற்கும் முன்னால், ஆகஸ்டிலேயே முதல் இன்டர்னல் வந்துவிடும். பாரதிதாசன் பல்கலைக்கழகத்தின் கீழ் உள்ள கல்லூரிகளில் ஒரு தாளுக்கு 100 மதிப்பெண் என்றால், 25 கல்லூரிக்குள்ளேயே போடப்படுவது; 75 செமஸ்டர் தேர்வுக்கு. புகுமுக மாணவனைக் கல்லூரி எடைபோட ஒன்பது மாதம் பொறுத்தது. இன்றைய மாணவரை ஏழெட்டு வாரத்தில் எடைபோடத் தொடங்கிவிடுகிறது. ஆங்கில வழியைத் தேர்ந்த தமிழ்வழி மாணவருக்கு அந்த ஏழெட்டு வாரம் சொற்களைப் பொருத்திக்கொள்ளவே போதாது. தமிழ் வழியிலேயே தொடர்பவருக்கு வேறு சிக்கல். 2010-ஆம் ஆண்டுச் சட்டம் தமிழ் வழியில் படித்தோருக்கு அரசுப் பணிகளில் 20 விழுக்காடு முன்னுரிமை தந்தது. அதனால் அந்த வழிக்கு மதிப்புக் கூடியது. ஆனால் பட்ட வகுப்புக்கு வேண்டிய தரமான தமிழ் நூல்கள் இன்னும் அந்த மதிப்புக்கு ஈடாகப் பெருகவில்லை.

இடைவெளி இருப்பது மேலிடங்களுக்குத் தெரியாமல் இல்லை. பொறியியல் கல்லூரிகளில் புதிய மாணவர்களுக்கு மூன்று வார அறிமுகப் பயிற்சியை ஏ.ஐ.சி.டி.இ. 2017-இல் கொண்டுவந்தது. பல்கலைக்கழக மானியக் குழு 2019-இல் தீக்ஷாரம்ப் என்ற பெயரில் எல்லாக் கல்லூரிகளுக்கும் அதைப் பரிந்துரைத்தது. நம் பக்கத்துக் கல்லூரிகளில் பிரிட்ஜ் கோர்ஸ் என்று ஒரு வாரமோ இரண்டு வாரமோ நடத்துகிறார்கள். முதல்வர் உரை, விதிமுறை விளக்கம், நூலகத்தைச் சுற்றிக் காட்டுதல், ராகிங் தடுப்பு உறுதிமொழி, சிறப்பு விருந்தினர் சொற்பொழிவு எல்லாம் முடிந்து, பாடத்துக்கு மிஞ்சுவது சில மணி நேரம். இன்டர்மீடியட்டுக்கு இரண்டு ஆண்டு. புகுமுகத்துக்கு ஓர் ஆண்டு. இன்று இரண்டு வாரம். முன்பு வந்தவர்களில் பலர் வீட்டில் படித்தவர்களைப் பார்த்து வளர்ந்தவர்கள்; இன்று வருபவர்களில் பலர் தம் குடும்பத்தின் முதல் பட்டதாரிகள் ஆகப்போகிறவர்கள். கூடுதல் காலம் தேவைப்படுவோர் பெருகிய காலத்தில் கால அளவு சுருங்கியிருக்கிறது.

புகுமுக வகுப்பைத் திரும்பக் கொண்டுவர வேண்டும் என்று யாரும் கேட்கப்போவதில்லை, கேட்கவும் கூடாது. அதன் வடிகட்டியில் சிக்கி உதிர்ந்தவர்கள் பெரும்பாலும் கிராமத்துப் பிள்ளைகளே. அதன் நன்மையை மட்டும் பிரித்தெடுக்க முடியுமா என்பதே கேள்வி. முடியும். கும்பகோணம், பூண்டி, மன்னம்பந்தல், தஞ்சாவூர் குந்தவை நாச்சியார் ஆகிய கல்லூரிகள் தன்னாட்சி பெற்றவை; தம் பாடத்திட்டத்தையும் உள்மதிப்பீட்டையும் வகுத்துக்கொள்ள அவற்றுக்கு உரிமை உண்டு. முதல் ஆறு வாரத்தில் வைக்கும் தேர்வுகளுக்கு மதிப்பெண் சேர்க்காமல் திருத்தம் மட்டும் எழுதித் தரலாம். குறிப்பெடுக்கக் கற்பிப்பதையும், ஒரு நூலின் ஒரு அத்தியாயத்தை முழுமையாகப் படிக்கவைப்பதையும் அந்த ஆறு வாரத்தின் பாடமாகவே வைக்கலாம். இதற்குப் புதிய கட்டடமோ புதிய திட்டமோ தேவையில்லை.

பிளஸ் டூ முடித்துவிட்டு மே மாதம் கைபேசியோடு உட்கார்ந்திருக்கும் தம்பி, தங்கைகளுக்கும் ஒரு சொல். மேட்டூர் 2022-இல் மே 24-லேயே திறந்தது. 2024-இல் ஜூலை 28 வரை காத்திருக்க வைத்தது. தண்ணீர் எப்போது வந்தாலும் வயலைத் தயாராக வைத்திருப்பது நம் ஊர் வழக்கம். சேரப்போகும் படிப்பின் முதல் செமஸ்டர் பாடத்திட்டத்தைப் பல்கலைக்கழகத் தளத்திலிருந்து இறக்கிக்கொள்ளுங்கள். அதில் குறித்துள்ள நூல்களில் ஒன்றை இரவல் வாங்கி, ஓர் அத்தியாயத்தைப் படித்து, மூடி வைத்துவிட்டு, புரிந்ததை உங்கள் சொற்களில் ஒரு பக்கம் எழுதுங்கள். ஒரு மணி நேர வகுப்பு ஒன்றை நடுவில் நிறுத்தாமல் கேட்டுக் குறிப்பெடுங்கள். ஆங்கிலத்தில் நாளுக்கு ஒரு பக்கம் படித்து, தெரியாத சொல்லை எழுதி வையுங்கள். அதே படிப்பில் முந்தின ஆண்டு சேர்ந்த ஒருவரைத் தேடிப் போய், எந்த இடத்தில் தடுமாறினீர்கள் என்று கேளுங்கள். முன்பு ஓராண்டு செய்த வேலையை இரண்டு மாதம் முழுவதுமாகச் செய்துவிடாது. ஆனால் முதல் இன்டர்னல் தாளைக் கையில் வாங்கும் நாளில் வேறுபாடு தெரியும்.